வாசிக்கத் தெரிந்தவருக்குக் கற்பிக்க 4 ஆண்டுப் பட்டம் எதற்கு?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர், 2 பிப்ரவரி 2025

என் மகன் சிறு வயது முதல் கர்நாடக வயலின் கற்றவன். உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகப் பேண்ட் குழுவில் சேர்ந்து கிளாரினெட் வாசித்தான். இப்போது கட்டாயப் பணியான தேசிய சேவையில் இருக்கிறான். சேவை முடிந்ததும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், பள்ளிகளுக்கான கருவியிசை ஆசிரியர்களை உருவாக்கும் 4 ஆண்டுப் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறான். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர், "நன்றாக வாசிப்பவனுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியாதா? அவ்வளவு பணத்தைச் செலவழிப்பதென்றால் வாசிப்புக்கான பட்டமே படிக்கட்டும், கற்பிப்பது தானாக வரும்" என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. இத்துறையில் இருப்பவர்கள் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

தந்தி ஆசிரியை, 3 பிப்ரவரி 2025

தானாக வராது. நீங்கள் குறிப்பிடும் அதே பட்டத்தை, வயலினை முதன்மைக் கருவியாகக் கொண்டு, அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அங்கே செல்வதற்கு முன்பே சிங்கப்பூரில் வார இறுதி வகுப்புகளில் சிறுவர்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்திருந்ததால், படிப்புக்கு முன்னும் பின்னும் நான் கற்பித்த விதத்தை ஒப்பிட்டுப் பேச முடிகிறது.

வாசிப்புக்கான பட்டத்தில் மாணவரின் நேரத்தில் பெரும்பகுதி அவருடைய சொந்தக் கருவிக்கே செல்கிறது. ஆசிரியருக்கான பட்டத்திலும் அது உண்டு: வாரந்தோறும் பேராசிரியரிடம் தனிப்பாடம், ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவதொரு குழுவில் வாசிப்பு, இசையியல், செவிப் பயிற்சி, பியானோவில் அடிப்படைத் தேர்ச்சி ஆகிய எதையும் தவிர்க்க இயலாது. அவற்றுக்கு மேல், மரக்குழல் கருவிகள், பித்தளைக் கருவிகள், தந்திக் கருவிகள், தாளக் கருவிகள் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே ஒரு பாடம் உண்டு. அப்பாடங்களில் ஆசிரியராகப் போகிறவர் அந்தக் கருவியைக் கையில் எடுத்து, முதல் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். குழுவை நடத்தும் கையசைவுப் பயிற்சி, குழந்தைகளின் உளவியல், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கற்பித்தல் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம்பெறும். கடைசிப் பருவம் முழுவதும் உண்மையான பள்ளியில், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் கற்பிக்க வேண்டும்.

உங்கள் குடும்பப் பெரியவர் கூறுவது ஒரு மாணவர், ஓர் ஆசிரியர், இருவருக்கும் தெரிந்த ஒரே கருவி என்ற நிலைக்கு ஓரளவு பொருந்தும். பள்ளியில் காத்திருப்பதோ 40 பிள்ளைகளும், ஆசிரியர் இதுவரை கையில் எடுத்தே பார்க்காத கருவிகளும்.

தந்தி ஆசிரியை, 4 பிப்ரவரி 2025

சிங்கப்பூரிலேயே இதைப் படிக்க முடியாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இங்கே உள்ள பாதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக 1991 முதல் இயங்கும் தேசியக் கல்விக் கழகம், கல்வி அமைச்சின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயாரிக்கிறது. அங்கே இசையைப் பாடமாக எடுத்தவர்கள் பெரும்பாலும் வகுப்பறை இசைப் பாடத்தை நடத்தச் செல்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி, அமெரிக்காவின் பீபாடி இசைக் கல்லூரியுடன் இணைந்து உருவாகி, 2003இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. வாசிப்பும் இசையாக்கமும்தான் அதன் அடித்தளம். நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் தொடங்கியது. இவற்றில் எதைப் பார்த்தாலும் பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படியுங்கள்.

தந்தி ஆசிரியை, 6 பிப்ரவரி 2025

தெரியாத கருவியை முதல் ஒலியிலிருந்து கற்க வேண்டும் என்று எழுதியதற்கு, "அது வெறும் சடங்கு, ஒரு பருவத்தில் யாரும் கிளாரினெட் வாசிப்பவர் ஆகிவிட முடியாது" என்று ஒருவர் மறுத்திருக்கிறார். வாசிப்பவர் ஆக முடியாது என்பது உண்மை. அப்பாடத்தின் நோக்கம் வேறு என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயலின்காரியான நான் மரக்குழல் வகுப்பில் கிளாரினெட்டைப் பிடித்தபோது, முதல் சில வாரங்கள் கீழ்ப்பகுதி ஒலிகள் ஓரளவு அமைதியாக வந்தன. பிறகு "இடைவெட்டு" என்று நாங்கள் அழைத்த இடம் வந்தது. கிளாரினெட் ஒரு முனை மூடிய நேர்க்குழாய் போல இயங்குவதால், மேல் பகுதிக்குத் தாவும்போது புல்லாங்குழலைப் போல ஒரு ஸ்தாயி உயராமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவுகிறது. அதன் விளைவாக, ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் செல்ல, ஒரே நேரத்தில் எல்லா விரல்களையும் துளைகளின் மேல் சரியாக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு விரல் சிறிது விலகினாலும் கீச்சென்ற ஒலிதான் வரும். பத்து வயதுப் பிள்ளையின் விரல் நுனி அந்தத் துளையை மூடப் போதுமான அகலம் இல்லாதிருக்கலாம் என்பது, என் விரலே விலகியபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கீச்சொலியைக் கேட்டு "இன்னும் பலமாக ஊது" என்று சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பலமாக ஊதினால் அது கூடுமே தவிரக் குறையாது. விரல், உதட்டு அழுத்தம், ஊதும் முனையில் பொருத்தும் நாணல் தகட்டின் தடிமன் ஆகிய மூன்றில் எது காரணம் என்று பார்த்த கணத்தில் பிரித்தறிவதே அந்த ஒரு பருவப் பாடம் தரும் பயன்.

இன்னொன்றும் உண்டு. பேண்ட் குழுவில் பல கருவிகளுக்கு எழுதப்படும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறு வேறு. குழு முழுவதும் பி பிளாட் ஒலியை எழுப்ப வேண்டுமென்றால், புல்லாங்குழல்காரர் தம் தாளில் பி பிளாட்டைப் பார்க்கிறார். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சி என்று பார்க்கின்றன. ஆல்ட்டோ சாக்சஃபோன் ஜி என்றும், பிரெஞ்சு ஹார்ன் எஃப் என்றும் பார்க்கின்றன. ஆசிரியர் இதை ஒவ்வொரு முறையும் காகிதத்தில் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் ஒத்திகை நின்றுவிடும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் இயல்பான வலிமை இருப்பதைக் கவனித்திருக்கிறேன்: ஒரு கட்டையில் பாடினாலும் ஆறரைக் கட்டையில் பாடினாலும் "ச" என்பது "ச"வே என்று கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையிலேயே பழகிய காது, சுரத்தின் பெயரும் அதன் உயரமும் தனித்தனியானவை என்பதை விளக்கம் இல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மகன் அந்த வகுப்பில் பிறரைவிட ஓரடி முன்னால் நிற்பார்.

தந்தி ஆசிரியை, 6 பிப்ரவரி 2025, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. புதிதாகத் தொடங்கும் பேண்ட் குழுக்கள் பி பிளாட் மேஜர் என்ற சுரவரிசையில் தொடங்குவதும், தந்திக் குழுக்கள் டி, ஏ மேஜர்களில் தொடங்குவதும் கருவிகளின் அமைப்பிலிருந்து வந்த வழக்கம். முன்னதில் பித்தளைக் கருவிகளுக்கும் கிளாரினெட்டுக்கும் எளிமை. பின்னதில் விரல் வைக்காத தந்திகளே துணை நிற்கின்றன. ஆண்டிறுதி நிகழ்ச்சிக்காக இரு குழுக்களின் தொடக்கநிலை மாணவர்களையும் ஒரே பாடலில் சேர்த்து வாசிக்க வைக்க விரும்பும் பள்ளி நிர்வாகம், இரண்டில் ஒரு பிரிவுக்கு அது கடினமாக அமையும் என்பதை அறிந்திருக்காது. ஆசிரியர்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

தந்தி ஆசிரியை, 9 பிப்ரவரி 2025

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பள்ளிகளில் தொடக்கநிலையிலும் கீழ் உயர்நிலையிலும் எல்லா மாணவர்களுக்கும் இசைப் பாடம் உண்டு. அதை நடத்துபவர்கள் அமைச்சின் ஆசிரியர்கள். பேண்ட், தந்திக் குழு, சீன இசைக்குழு, இந்திய இசைக்குழு போன்றவை இணைப்பாட நடவடிக்கைகள். அவற்றைக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தும் வெளிப் பயிற்றுநர்கள். எனவே, "கருவியிசை ஆசிரியர்" என்று அமெரிக்காவில் ஒருவர் செய்யும் வேலை, இங்கே இரண்டு பேருக்குப் பிரிந்து கிடக்கிறது.

ஒப்பந்த முறையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊதியம் மணிக்கணக்கில் வருகிறது. பள்ளி விடுமுறையில் வருமானம் குறைகிறது. ஒப்பந்தம் முடிந்தால் குழு வேறொருவர் கைக்குப் போகலாம். அதற்குமேல், 1967 முதல் நடந்துவரும் சிங்கப்பூர் இளையர் விழா பயிற்றுநரின் நாட்காட்டியை வடிவமைக்கிறது. தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் ஓராண்டு விட்டு ஓராண்டு மேடையேறுகின்றன. 2013இல் மதிப்பீட்டு முறை மாற்றப்பட்டு மூன்று நிலைச் சான்றிதழ்கள் வந்தன. விழாவை நான் குறை கூறவில்லை. எஸ்பிளனேட் போன்ற அரங்கைத் தொலைவிலிருந்து மட்டும் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு மேடை என்றால் என்னவென்று காட்டியது அந்த விழாதான்.

என் கவலை வேறு. விழா ஆண்டில் ஒரே ஓரிரு பாடல்களை மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பதால், அந்தப் பாடலைத் தவிர வேறெதையும் தாளைப் பார்த்து வாசிக்க முடியாத மாணவர்கள் உருவாகிறார்கள். நான் பொறுப்பேற்ற ஒரு பள்ளிக் குழுவில் மூன்றாம் வரிசை வயலின் பிள்ளைகள் விழாப் பாடலை அழகாக வாசித்தார்கள். எளிய நாட்டுப் பாடல் ஒன்றைப் புதிதாகக் கொடுத்தபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. ஒவ்வோர் ஒத்திகையிலும் முதல் பத்து நிமிடத்தை விழாப் பாடலுக்கு வெளியே உள்ள ஒன்றுக்கு ஒதுக்கினால் இது மாறும். அந்தப் பத்து நிமிடத்தில் எதை, எந்த வரிசையில், எத்தனை வாரங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று திட்டமிடுவதை நான் பட்டப்படிப்பில்தான் கற்றேன். வாசிப்புத் திறமை எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

தந்தி ஆசிரியை, 11 பிப்ரவரி 2025

மிருதங்கம் கற்பிக்கும் அன்பர் ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று புரந்தரதாசர் பெயரால் வழங்கும் பாடமுறையே நம்மிடம் இருக்கும்போது, மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் நமக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. இதற்கு அவசரமாகப் பதில் எழுத விரும்பாததால் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

முதலாவதாக, ஆசிரியரைப் பயிற்றுவிப்பது நமக்கு அந்நியமானதன்று. சிதம்பரத்தில் 1929இல் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல் நிறுவப்பட்டு, 1931லேயே இசை ஆசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல்வராகப் பொறுப்பேற்றவர் டைகர் வரதாச்சாரியார். மறு ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இந்திய இசைக்கான படிப்பு தொடங்கியது. கச்சேரி மேடையில் புகழ்பெற்ற வித்துவான்கள் நிறைந்திருந்த காலத்திலேயே, ஆசிரியருக்குத் தனியே ஒரு கல்லூரி வேண்டும் என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலிருந்து வந்தவர்களிடம் இங்கே கற்றவர்கள் பலர் இருப்பார்கள். அந்த ஆசிரியர்களின் வகுப்பில் இருந்த ஒழுங்கை நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, சரளி முதல் வர்ணம் வரை உள்ள வரிசை எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பிள்ளையின் இடது கட்டைவிரல் வயலின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதால்தான் ஜண்டையில் வேகம் வரவில்லை என்பதை அந்த வரிசை சொல்லாது. அருகில் இருந்து பார்க்கும் கண் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்த காலம் முதல், நாம் அதைத் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி, ச ப ச ப என்று சுருதி கூட்டி வாசிக்கிறோம். கருவியை வலது கால் தாங்குவதால் இடது கை கமகத்துக்குத் தடையின்றி வழுக்கிச் செல்கிறது. மேல்நாட்டு முறையில் தாடையும் தோளும் அந்த வேலையைச் செய்கின்றன. காலையில் பள்ளியில் ஒரு பிடிப்பும் மாலையில் வகுப்பில் இன்னொரு பிடிப்பும் வைத்துக்கொள்ளும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு, இரண்டும் தெரிந்த ஓர் ஆசிரியர் எவ்வளவு பெரிய துணை என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

மூன்றாவது கருத்தைத்தான் அன்பரிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். குருகுலத்தில் மூத்த சீடர் இளைய சீடருக்கு வரிசைகளைச் சொல்லிக்கொடுப்பார். உள்ளறையில் வேறு வேலையாக இருக்கும் குருவின் காது அங்கேயே இருக்கும். தவறாகச் சொன்னால் அங்கிருந்தே திருத்தம் வரும். மேற்பார்வையில் கற்பித்துப் பழகுவது என்று பல்கலைக்கழகம் இன்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருப்பது இதைத்தான். வாரம் ஒரு முறை சமூக மன்றத்திலோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையிலோ நடக்கும் நம் வகுப்பில் அந்த மூத்த சீடருக்கு இடமில்லாமல் போய்விட்டது. அரங்கேற்றம் முடித்த மறு மாதமே ஒருவர் தனியாக வகுப்பு தொடங்கிவிடுகிறார். அவர் கற்பிப்பதை யாரும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

தந்தி ஆசிரியை, 11 பிப்ரவரி 2025

தேர்வுச் சான்றிதழ் குறித்தும் இதே கருத்துத்தான். பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டாம் நிலை என்பது வாசிப்புத் தேர்வு. அதைக் கற்பிக்கும் தகுதியாக விளம்பரம் செய்பவரிடம், யாரிடம் கற்பித்துப் பழகினீர்கள் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

தந்தி ஆசிரியை, 15 பிப்ரவரி 2025

மேற்பார்வையில் கற்பிப்பது உண்மையில் எப்படி இருக்கும் என்று உங்கள் மகனே எழுதிக் கேட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. இனி உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன், தம்பி.

பள்ளிப் பயிற்சியில் என்னை மேற்பார்வையிட்ட ஆசிரியை வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். என் பாடம் ஒளிப்பதிவு செய்யப்படும். முடிந்ததும் இருவரும் அதைப் பார்ப்போம். நான் பேசிய நேரம் எவ்வளவு, பிள்ளைகள் வாசித்த நேரம் எவ்வளவு என்று அவர் தாளில் இரண்டு பத்திகளாகக் குறித்திருப்பார். பேச்சு எப்போதும் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. ஆனால் என்னை ஆழமாகப் பாதித்தது அவர் சொன்ன வேறொன்று: நான் எப்போதும் பிள்ளைகளோடு சேர்ந்தே வாசித்துக்கொண்டிருந்தேன். என் வயலின் ஒலிக்கும்போது வகுப்பு நன்றாகக் கேட்கிறது. நான் நிறுத்தினால், பாதிப் பேர் என் ஒலியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது வெளிப்படும். சேர்ந்து வாசிக்கும் ஆசிரியருக்குத் தம் மாணவரின் ஒலி கேட்பதில்லை.

அதன் பிறகு, கற்பிக்கும்போது வயலினை மேசையில் வைத்துவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். முதலில் ஒரு முறை வாசித்துக் காட்டுவேன். பிறகு அவர்கள் வாசிக்க, நான் நடந்துகொண்டே கேட்பேன்.

தந்தி ஆசிரியை, 16 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, அது கர்நாடக வகுப்புக்கு அப்படியே பொருந்துமா என்ற எண்ணம் எழுந்தது. தோடி ராகத்தில் காந்தாரம் என்ற சுரம் எப்படி அசைய வேண்டும் என்பதை எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆசிரியரின் ஒலியோடு தன் ஒலியைப் பல முறை உரசிப் பார்த்துத்தான் பிள்ளை அதைப் பிடிக்கிறது. எனவே சேர்ந்து வாசிப்பதை விலக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். எப்போது சேர்வது, எப்போது விலகுவது என்ற முடிவு ஆசிரியரிடம் இருக்க வேண்டும். பழக்கத்தால் மட்டுமே சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தால் அந்த முடிவே எடுக்கப்படுவதில்லை. என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது ஒரு சங்கதியைச் சேர்ந்து வாசித்து, சேர்ந்து வாசித்து, பிறகு நான் ஒலியை மெல்லக் குறைத்து நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் சிலர் நான் நிறுத்தியதைக் கவனிக்காமலே தொடர்ந்து வாசித்துச் செல்வதைக் கேட்பதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு, மேடையில் கிடைத்ததைவிடப் பெரியது.

தந்தி ஆசிரியை, 20 பிப்ரவரி 2025

கருவிப் பராமரிப்புப் பாடம் பற்றி ஒரு சிறு குறிப்பு, ஏனெனில் அதைப் பாடத்திட்டத்தில் பார்ப்பவர்கள் முக்கியமற்றது என்று கடந்துவிடுகிறார்கள். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவதும் மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குவதும் வழக்கம். பள்ளிக் கருவி அறையிலோ குளிரூட்டி ஓடும், நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் செல்லோவின் விளிம்பு ஒட்டு திறந்துகொள்கிறது. குழல் கருவிகளின் துளைகளை மூடும் மூடித் திண்டுகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்கின்றன. விளிம்பு திறப்பது பெரிய சேதமன்று: மரம் பிளவுபடாமல் ஒட்டு விடுபட வேண்டும் என்பதற்காகவே அங்கே விலங்குப் பசையை மென்மையாகப் பூசுகிறார்கள். பழுதுபார்ப்பவர் எளிதாகச் சரிசெய்துவிடுவார். கடையில் வாங்கிய உறுதியான பசையால் யாராவது அதை ஒட்டிவிட்டால், அடுத்த முறை மரமே பிளக்கும். அப்படி ஒட்டப்பட்ட கருவிகளைப் பள்ளி அலமாரிகளில் பார்த்திருக்கிறேன்.

செவியைக் காப்பதும் அதே பாடத்தில் வந்தது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரமே மிஞ்சுகிறது. தாழ்ந்த கூரை கொண்ட அறையில் பித்தளைக் கருவிகள் முழங்கும் ஒத்திகை அந்த அளவை எளிதில் எட்டும். மாணவர் வாரம் இரு முறை வந்து போகிறார். பயிற்றுநர் பள்ளிக்குப் பள்ளி செல்கிறார்.

தந்தி ஆசிரியை, 23 பிப்ரவரி 2025

செலவும் தகுதியும். அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் மாநிலந்தோறும் தனியாக வழங்கப்படுவது. அது சிங்கப்பூரில் ஆசிரியப் பணிக்கு உரிமை தராது. இங்கே அமைச்சின் பள்ளியில் முழுநேர ஆசிரியராக வேண்டுமென்றால் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பித்து, தேர்வு பெற்று, தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுவதுதான் வழக்கமான பாதை. பயிற்சிக் காலத்தில் ஊதியம் உண்டு. பின்னர் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் ஒப்பந்தமும் உண்டு. எனவே வெளிநாட்டுப் பட்டத்துக்கான முழுத் தொகையையும் கடனாகப் பெற்று, திரும்பியதும் மணிக்கணக்கு ஊதியத்தில் அடைக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். உதவித்தொகை கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள். நான் உதவித்தொகை இல்லாமல் சென்றிருக்க முடியாது.

உங்கள் குடும்பப் பெரியவரின் கவலையில் இந்தப் பகுதி நியாயமானது என்பதை அவரிடம் சொல்லுங்கள், ஐயா.

தந்தி ஆசிரியை, 1 மார்ச் 2025

தம்பி, எந்தக் கருவியை முதன்மையாகக் கொண்டு விண்ணப்பிப்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மனம் வயலின் பக்கம் இருப்பது தெரிகிறது. ஆனால் கிளாரினெட்டைத்தான் பரிந்துரைக்கிறேன்.

இத்தகைய பட்டங்களுக்கான நுழைவுத் தேர்வில் மேல்நாட்டுச் செவ்விசைதான் கேட்கப்படுகிறது. வயலின் என்றால் சுரவரிசைகள், பாக் தனி வயலினுக்கு எழுதியவற்றில் ஒரு பகுதி, ஒரு கான்செர்ட்டோவின் பகுதி, தாளைப் பார்த்து உடனே வாசிப்பது என்று எதிர்பார்ப்பார்கள். இருபது வயதில், நின்று வாசிக்கும் பிடிப்பையும் வில் பயன்பாட்டையும் புதிதாக அமைத்துக்கொண்டு, அதிலேயே சிறு வயது முதல் வளர்ந்தவர்களோடு போட்டியிடுவது நீங்கள் பெற்றிருக்கும் இசைக்கு அநீதி. கிளாரினெட்டில் உங்களுக்குத் தாள் வாசிப்பும் குழு அனுபவமும் ஏற்கெனவே உள்ளன. உள்ளே சென்ற பின், தந்திக் கருவிப் பாடத்தில் மற்றவர்கள் விரல் வைக்கத் தடுமாறும்போது உங்கள் கர்நாடக வயலின் அங்கே உதவும். காது ஏற்கெனவே தயாராக இருப்பதை உங்கள் பேராசிரியர்கள் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்கள்.

மிருதங்க அன்பரும் தம் மாணவருக்காக இதையே கேட்டிருந்தார். தாளக் கருவிப் பிரிவின் தேர்வில் பொதுவாக ஸ்னேர் முரசு, மரிம்பா போன்ற மரக்கட்டை விசைக் கருவிகள், டிம்பனி என்ற பெருமுரசு ஆகியவை எதிர்பார்க்கப்படுவதால், மிருதங்கத்தை மட்டும் கொண்டு நுழைவது கடினம். ஆனால் சொற்கட்டு (தாளத்தை வாயால் சொல்லும் ஒலிகள்) சொல்லத் தெரிந்தவர், ஐந்தும் ஏழுமாகப் பிரியும் தாளங்களை ஒரு வகுப்புக்கே வாயால் சொல்லிப் பழக்கிவிட முடியும். என் பேண்ட் பிள்ளைகளுக்கு "தகதகிட" என்று சொல்லிக் கைதட்ட வைத்துத்தான் ஐந்தெட்டுத் தாளத்தைக் கற்பிக்கிறேன். சீன, மலாய்ப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

தந்தி ஆசிரியை, 8 மார்ச் 2025

நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள்; அதற்கு "இசையை நேசிக்கிறேன்" என்பது பதிலாகாது, ஏனெனில் வாசிப்புப் பட்டத்துக்கு வருபவரும் அதையே சொல்வார். நீங்கள் யாருக்கோ எதையோ கற்றுக்கொடுத்து, அவர் புரிந்துகொள்ளாமல் நின்று, நீங்கள் வேறு விதமாக முயன்ற ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அந்த அனுபவம் வேண்டும். உங்கள் வயலின் ஆசிரியரின் வார இறுதி வகுப்பில் தொடக்கநிலைப் பிள்ளைகள் இருவருக்கு, அவர் கேட்கும் தூரத்தில் அமர்ந்து, வரிசைகளைச் சொல்லிக்கொடுக்க அனுமதி கேளுங்கள். முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் வாரங்களில் அது போதும்.

நீங்களும் அவர்களிடம் கேட்க வேண்டியவை உண்டு. முதல் ஆண்டிலேயே பள்ளிக்கு அனுப்புகிறார்களா, அல்லது கடைசிப் பருவம் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். கருவிக் குடும்பப் பாடங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் கருவி கிடைக்குமா, அந்தப் பாடங்களை நடத்துபவர் பள்ளியில் கற்பித்த அனுபவம் உள்ளவரா என்று கேளுங்கள். நான்காண்டுத் திட்டம் என்று சொல்லப்படுவதை மாணவர்கள் உண்மையில் நான்கு ஆண்டில் முடிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். பாடச்சுமையால் கூடுதலாக ஒரு பருவம் தங்கியவர்களை நான் அறிவேன், அந்தப் பருவத்துக்கும் கட்டணம் உண்டு.

அமெரிக்கக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை நடக்கின்றன. சேவை முடியும் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், கிளாரினெட்டுக்குத் தனிப்பாடம் தொடங்க வேண்டிய காலம் இதுதான். பேண்ட் குழுவில் வாசித்தபோது பயன்படுத்திய கருவி பள்ளியுடையது என்று எழுதியிருந்தீர்கள். உடனே புதிது வாங்கிவிடாமல், முதலில் ஆசிரியர் ஒருவரைத் தேடி, அவர் சொன்ன பிறகு கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

தந்தி ஆசிரியை, 9 மார்ச் 2025

வாடகைக்குக் கிடைக்குமா என்று ஐயா கேட்டதற்கு: கிடைக்கும். இசைக் கருவிக் கடைகளில் மாத வாடகைக்குத் தருகிறார்கள். எடுக்கும் முன் மூடித் திண்டுகளையும் இணைப்புகளின் தக்கையையும் கிளாரினெட் தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள்.